தபசு காலத்தில் சுட்ட விலா

மார்ச் 8, சனி

மாடியில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் கஸ்பார், பக்கத்து வீட்டுச் செண்பகம், கறிக்கடை இஞ்ஞாசி அண்ணன். இஞ்ஞாசி அண்ணன் நெருப்புப் பிடிக்கும்வரை நின்றுவிட்டுக் கடையைப் பார்க்கப் போய்விட்டார். வேறு யாரும் இல்லை.

மரியாயின் சேனைக் கூட்ட அறிக்கை எழுதி எழுதி, எதை எழுதினாலும் வந்திருந்தோர் பெயரை முதலில் போடுவது பழக்கமாகிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வாசிப்பு வந்தது செபப் புத்தகத்தால்; எழுத்து வந்தது அந்த அறிக்கையால்.

விபூதிப் புதனோடு தபசு காலம் தொடங்கி முதல் சனிக்கிழமையே, சேனைத் தலைவியான என் வீட்டு மாடியில் பன்றிக்கறிப் புகை. தூத்துக்குடியில் இது பேசப்படாமல் போகாது. ஆகவே எழுதிவைக்கிறேன்: ஈஸ்டர் வரைக்கும் நானும் அவரும் கறியைத் தொடமாட்டோம். உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்கமாட்டேன். ஈஸ்டருக்குப் புதிதாக ஒன்று செய்யலாமே என்று பழகிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். தின்று சொல்வது செண்பகத்தின் பொறுப்பு. அவளுக்குத் தபசு காலம் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும்தான் சைவம்.

யோசனை வந்தது ஒரு போட்டோவால். போன மாதம் அவர் போனை நீட்டினார். "உன் மவன் கப்பல்ல என்ன செய்யுதான் பாரு." கண்ணாடி போடாமல் பார்த்தேன், ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கப்பல் தளத்தில் பாதிப் பீப்பாய் அடுப்பு. அதன்மேல் வெட்டாத விலா, பலகை பலகையாக. பக்கத்தில் பிரிட்டோ, இடுக்கியோடு. இடது மணிக்கட்டுக்கு மேலே புதிதாகச் சுட்ட தழும்பு. கழுத்தெலும்பு தெரிகிறது. கப்பலுக்கே சமைக்கிறவன் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது.

அவனுடைய ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. பெரிய வாரத்தில் சிங்கப்பூரில் இறங்குவான். அங்கிருந்து வீட்டுக்கு வரலாம், இல்லையென்றால் அங்கேயே அடுத்த கப்பல் ஏறலாம். சாமியாருக்குப் படித்த குருமடத்தைவிட்டு வந்த இந்த மூன்று வருடமாக அடுத்த கப்பல்தான் ஏறிக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் என்னவோ. நான் இடையில் போவதில்லை.

கறிக்கு வருகிறேன். அவர் அறுத்துத் தந்த பாதிப் பீப்பாய்தான் அடுப்பு. இஞ்ஞாசி அண்ணன் குழம்புக்கு வெட்டுகிற மாதிரி துண்டு துண்டாக வெட்டிவிட்டார். பாதி, கம்பி இடுக்கு வழியாக நெருப்பில் விழுந்தது. மீதியில் கருப்பட்டிப் பாகை முதலிலேயே தடவியதால் பாகு தீய்ந்து, உள்ளே ரத்தம் நின்றது.

செண்பகம் கடித்துப் பார்த்தாள். "யக்கா, இத இப்பமே தின்னாத்தான் உண்டு. பல்லு போன பொறவு நம்மால ஆவாது."


மார்ச் 9, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்தோம். மாலையில் அவர் மாடியில் நெடுநேரம் போன் பேசினார். துறைமுகத்து ஆட்களாக இருக்கும். நான் துணி மடித்தேன். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தேன்.


மார்ச் 15, சனி

காலையில் கறிக்கடை.

"அண்ணே, வெட்டாதீய. அப்பிடியே முழுப் பலகையா வேணும்."

"பலகையாவா? வீட்டுக்குக் கதவு செய்யப் போறியளா தங்கச்சி?"

சிரித்துக்கொண்டே கத்தியை ஓங்கிவிட்டார். அத்தனை வருசப் பழக்கம். அந்தக் கைக்கு எலும்பைப் பார்த்தால் இறங்கத்தான் தெரியும். நான் சட்டென்று விலாமேல் என் கையை வைத்தேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் "ஐயோ" என்றார்கள். இஞ்ஞாசி அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏ தாயி, விரலுக்கு யாரு பதில் சொல்லுதது?" என்று கத்தியைக் கழுவிவைத்துவிட்டு, முழுப் பலகையையும் வாழையிலையில் சுருட்டித் தந்தார்.

போனில் வெள்ளைக்காரர்கள் செய்வதைப் பார்த்தேன். பேச்சு புரியாது, கை புரியும். ஆனால் அந்தக் கை எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்பதை வீடியோவில் வெட்டிவிடுகிறார்கள். நெருப்புக்கு நேர் மேலே வைத்துப் புரட்டிப் புரட்டிச் சுட்டேன். வெளியே கறுத்துவிட்டது, எலும்பின் பின்பக்கம் தோல் மாதிரி ஒன்று சுருங்கி இழுத்துக்கொண்டது.

"இது கறி இல்லக்கா, லாரி டயரு" என்றாள் செண்பகம். "ஆனா மேல தடவுனிய பாத்தியளா, அது ஏ ஒன். அத மட்டும் நக்கிக்கிட்டு எலும்பத் திருப்பித் தந்திருதேன்."

அவர் இறங்கிப் போகும்போது, "நெருப்ப ஒரு பக்கமா ஒதுக்கணும் பிள்ள. கறிய மறுபக்கம் வைக்கணும். மூடி எதுக்கு வச்சேன்?" என்றார்.

மூடி வைக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை. துறைமுகத்தில் வெல்டராக இருந்தவர். பீப்பாயை இரண்டாக அறுக்கும்போதே கீல் வைத்து, புகை போக ஓட்டையும் போட்டுத்தான் கொண்டுவந்தார்.

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"டிவில பாத்தேன்."

எங்கள் வீட்டு டிவியில் மாதா தொலைக்காட்சியும் செய்தியும்தான் ஓடுகிறது.


மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். பூசை முடிந்து பங்குச்சாமி கூப்பிட்டார்.

"பிரகாசியம்மா, ஒங்க வீட்டு மாடில கறிப் பொக வருதுன்னு மூணு பேரு எங்கிட்ட வந்து அழுதுட்டாங்க."

"நாங்க தொடல சாமி. பழகுதேன்."

"பழகுங்க. ஈஸ்டருக்கு நம்ம சாமியார் பங்களாவுக்கும் ரெண்டு எலும்பு வரட்டும்." சிரித்துவிட்டுக் கேட்டார்: "பிரிட்டோ வாறானா?"

"அவங்க அப்பாட்டதான் சாமி கேக்கணும்."

"அவர்ட்ட போன வாரமே கேட்டேன். ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாரு."

வெயில் ஏறிவிட்டது. வந்துவிட்டேன்.


மார்ச் 22, சனி

குக்கரில் ஏழு விசில் வைத்து, பிறகு கிரில்லில் போட்டேன். எடுக்கும்போது எலும்பு தனியாகவும் சதை தனியாகவும் கழன்றுவிட்டது. ருசியெல்லாம் தண்ணீரில் போயிருக்கும் என்று வாசனையிலேயே தெரிந்தது.

"பல்லு இல்லாத எங்க மாமியாருக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றாள் செண்பகம்.

அவருக்குத்தான் கோபம். "குக்கர்ல வேவ வைக்கதுக்கு நான் எதுக்குப் பீப்பா அறுத்தேன்? அது தானா வேவணும். நாலு மணி நேரம் ஆனா ஆவட்டும். ஒனக்குப் பொறுமையே கெடையாது பிள்ள."

பொறுமை இல்லையாம். மூன்று வருடமாக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறார்?


மார்ச் 23, ஞாயிறு

பூசையில் அறிவிப்பு வாசித்தார்கள். ஈஸ்டர் முடிந்து குருப்பட்டம் பெறுகிறவர்களின் பெயர்கள். இரண்டு பேர் பிரிட்டோவோடு ஒரே வகுப்பு. ஒருவன் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறான்; மீன் முள்ளை எடுக்கத் தெரியாமல் பிரிட்டோவிடம் தட்டை நீட்டுவான். நல்ல பிள்ளை. நன்றாக இருக்கட்டும்.

தலைவலி. கடைசிப் பாட்டுக்கு முன்பே வந்துவிட்டேன்.

மாலையில் கப்பலிலிருந்து போன் வந்தது. அவர் கொண்டுவந்து நீட்டினார், "பேசுதியா?" என்று. அடுப்பில் பால் இருந்தது. கையால் சைகை காட்டினேன். பால் காய்ச்சுவது பிரிட்டோவுக்குத் தெரியாதா, காத்திருப்பான் என்று நினைத்தேன். கப்பலில் சிக்னல் போய்விட்டதாம்.


மார்ச் 29, சனி

இன்று வந்துவிட்டது. நிதானமாக எழுதுகிறேன், மறந்துபோகக் கூடாது.

எலும்பின் பின்பக்கம் ஒரு வெள்ளைச் சவ்வு இருக்கிறது. கரண்டிக் காம்பை அதன் அடியில் விட்டு நெம்பி, வழுக்காமல் துணியால் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். அது இருந்தால் உப்பும் இறங்காது, கறியும் மெத்தென்று ஆகாது. முந்தின இரவே உப்பு, மிளகு, சீரகம், வற்றல் தூள், பூண்டு தடவி வைத்தாயிற்று. உப்புதான் பயம். நாங்கள் கடற்கரைக்காரர்கள், கைக்கு மீன் உப்புதான் தெரியும். விலாவுக்கு அது போதாது என்று போன வாரம் செண்பகம் சொன்னதால் இன்னொரு பிடி போட்டேன்.

சிரட்டைக் கரியைப் பற்றவைத்துச் சாம்பல் பூத்ததும் ஒரு பக்கமாக ஒதுக்கினேன். மறுபக்கம் விலா, எலும்புப் பக்கம் கீழே. நடுவில் ஒரு சட்டியில் தண்ணீர். பிறகு மூடிவிட வேண்டும். இதுதான் கஷ்டம். மூடிய பிறகு நமக்கு ஒரு வேலையும் இல்லை. அவ்வப்போது காடி, அதாவது வினிகர், கலந்த தண்ணீரைத் தெளிக்கலாம். நெருப்பு குறைந்தால் நாலு சிரட்டை போடலாம். மற்றபடி உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்து செபமாலையின் துக்கத் தேவ இரகசியங்களைச் சொன்னேன். முடித்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

புளியும் கருப்பட்டியும் பூண்டும் கொதிக்கவைத்த பாகை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தடவ வேண்டும். முனையில் சதை பின்வாங்கி எலும்பு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. நடுவில் இடுக்கியால் தூக்கினால் இரண்டு பக்கமும் தொங்கியது. ஒடியவில்லை.

செண்பகம் முதல் எலும்பைத் தின்றுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதை எடுத்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"உப்பு கூடிட்டா?"

"செத்த சும்மா இருங்கக்கா, திங்கவிடுங்க."

தின்று முடித்து விரலைச் சப்பிக்கொண்டே கேட்டாள்: "இது யாருக்கு?"

"ஈஸ்டருக்கு."

"ஈஸ்டரு வாயி வச்சிருக்கோ?" அவளுக்கு என்னிடம் பயமே கிடையாது. "பிரிட்டோவுக்குத்தான? அவன் வாறானா இல்லயா?"

"நான் அவன மாதாவுக்கு நேர்ந்த பிள்ள செண்பகம். கைப்பிள்ளையில வலிப்பு வந்து கண்ணு சொருகிட்டு. ஒனக்கு இந்தப் பிள்ளய சாமியாராத் தாரேன், உசுர மட்டும் குடுன்னு கேட்டேன். குடுத்தா. நான் சொன்ன சொல்லு என்னாவுதது?"

"நேர்ந்துக்கிட்டது நீங்க. மொட்டை மட்டும் அவனுக்கா?"

அவள் மாமியாருக்கு இரண்டு எலும்பு கட்டிக்கொடுத்தேன்.

தட்டில் ஐந்து மிச்சம் வைத்துவிட்டுக் கீழே போனேன். திரும்பி வரும்போது நான்கு. பூனையாக இருக்கும். அவர் மாடிக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். சிரட்டைக் கரி கையில் ஒட்டும்தான்.


ஏப்ரல் 4, வெள்ளி

சிலுவைப்பாதை. நான்காம் நிலை, இயேசு தம் தாயைச் சந்திக்கிறார். எப்போதும் அதை நான்தான் வாசிப்பேன். இன்று தொண்டை கட்டிவிட்டது. வேறொருவர் வாசித்தார்.


ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று மழைத் தூறல், அடுப்பு பற்றவைக்கவில்லை. இன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"பிரிட்டோ பெரிய வாரத்துப் புதன்கெழம கம்பெனில சொல்லணுமாம். அடுத்த கப்பல் ரெடியா நிக்கி. ஏறுனா பிரேசில் பக்கம் போவுது. பொறவு பத்து மாசம் ஆவும்."

"ஒங்ககிட்ட அவன் கேக்கட்டும், நீங்க வரச் சொல்லுங்க. நான் எதுக்கு எடையில?"

"நான் சொல்லாமலா இருக்கேன்? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சொல்லுதேன். நான் கூப்புட்டா வரமாட்டேங்கான்."

"நான் அவன வர வேண்டாம்னு எப்பம் சொன்னேன்?"

"வான்னு எப்பம் சொன்ன?"

தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

"அவன் பொட்டியத் தூக்கிட்டு வாசல்ல நின்னான் பிரகாசி. நீ செபமால சொல்லிக்கிட்டு இருந்த. முடிச்சிட்டு வருவன்னு நின்னான். நீ அடுத்த செபமால ஆரம்பிச்ச. பஸ்சுக்கு நேரமாயிட்டு."

செபமாலையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. அது எல்லாருக்கும் தெரியும்.

பாத்திரம் கழுவினேன். கழுவின பிறகும் குழாயை மூடவில்லை போலிருக்கிறது. அவர் வந்து மூடினார்.


ஏப்ரல் 9, புதன்

இன்று எழுத ஒன்றும் இல்லை.


ஏப்ரல் 12, சனி

நாளை குருத்து ஞாயிறு. பெரிய வாரத்தில் புகை போடக் கூடாது, இதுதான் கடைசிப் பழக்கம். இஞ்ஞாசி அண்ணன் இப்போது என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிடுகிறார். ஈஸ்டருக்கு இரண்டு முழுப் பலகை எடுத்துவைக்கச் சொன்னேன். "எத்தன பேருக்கு?" என்றார். "பொறவு சொல்லுதேன்" என்றேன்.

மூடி வைத்து இரண்டு மணி நேரம் இருக்கும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெந்ததா என்று மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கை முழுக்க மசாலா, கண்ணில் புகை. அந்த நேரம் பார்த்து அவர் பின்னால் வந்து நின்று போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். ஓடவும் முடியவில்லை, வாங்கி வைக்கவும் முடியவில்லை. இதைத் திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறார்.

திரையில் அவன்.

தாடி வைத்திருக்கிறான். அவன் பின்னால் பெரிய பெரிய சட்டிகள் தொங்கின. அவன் கண் என்னைப் பார்த்தது, பிறகு அடுப்பைப் பார்த்தது, பிறகு என்னை.

"அம்மா, மூடியத் தொறக்காதீய. சூடு போயிரும்."

"மூடுதேன்" என்றேன்.

மூடினேன்.

"சவ்வ எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"பாகு?"

"கடைசில."

"சரிம்மா. சரியாத்தான் செஞ்சிருக்கிய." அவன் யாரையோ திரும்பிப் பார்த்தான், அங்கே மணி அடித்தது. "டியூட்டிம்மா. வைக்கட்டா?"

தலையை ஆட்டினேன். ஆட்டியது தெரிந்ததோ என்னவோ, படம் அப்படியே உறைந்து நின்று பிறகு போய்விட்டது. மூன்று வருடத்தில் நாங்கள் பேசியது இதுதான். குரல் மாறவில்லை. கொஞ்சம் அடைத்திருக்கிறது, ஈரத் தலையோடு படுப்பான்.

செண்பகம் தின்றுவிட்டுப் பிரமாதம் என்றாள். நான் சரியாகக் கேட்கவில்லை.

படுக்கும்போது அவர் கேட்டார்: "ஏ பிள்ள, அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருக்கலாம்லா?"

"கறி வெந்துகிட்டு இருந்துச்சு" என்றேன்.

அவர் விளக்கை அணைத்தார்.


ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

கோயிலில் நல்ல கூட்டம். பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு மாதா பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். செபமாலையைக் கையில் எடுக்கவில்லை. சொல்லிவைத்த செபம் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டதை நீ கொடுத்தாய், நான் சொன்னதை என்னால் கொடுக்க முடியவில்லை, அதற்கு நீ என்னிடம் கேள் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன். பெருக்கிக்கொண்டிருந்த உபதேசியார் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.


ஏப்ரல் 14, திங்கள்

அவரிடம் போனில் தமிழ் எழுத்து எங்கே வருகிறது என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் காட்டிக்கொடுத்தார். காட்டிவிட்டு, கரி வாங்க வேண்டும் என்று வெளியே போனார். வீட்டில் கரி அரைச் சாக்கு இருக்கிறது.

எழுதி எழுதி அழித்தேன். குரலாகப் பேசி அனுப்பலாம் என்றால் குரல் நிற்கவில்லை.


ஏப்ரல் 15, செவ்வாய்

நாளைதான் அவன் கம்பெனிக்குச் சொல்ல வேண்டிய நாள். காலைப் பூசை முடிந்து வந்ததும் நின்றபடியே எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு மாற்ற முடியாதாம். மாற்ற எதுவும் இல்லை. அனுப்பியதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்:

பிரிட்டோ, அம்மா எழுதுதேன். அப்பா சொல்லி எழுதல. ஈஸ்டருக்கு நீ வீட்டுக்கு வரணும். அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுறாத. மாதாவுக்கு நேர்ந்தது நான். அத நானும் மாதாவும் பேசிக்கிடுவோம், அதுல நீ வரத் தேவையில்ல. எந்தப் பிளேன், எத்தன மணின்னு சொல்லு. அப்பாகூட நானும் ஏர்போர்ட்டுக்கு வாறேன். தொண்டைக்கு வெந்நி குடி. சீக்கிரம் பதில் போடு.